சைனஸும் இல்லை, பல்வலியும் இல்லை

பெங்களூரில் தலைவலி என்று வாயைத் திறந்தால் போதும், எதிரில் இருப்பவர் "சைனஸா?" என்று கேட்டுவிடுவார். குளிர், தூசி, பார்த்தீனியப் பூந்துகள், ஆபீஸ் ஏசி என்று காரணங்களையும் அவரே அடுக்கிவிடுவார். இந்த ஊர் க்ளைமேட்டுக்கு எல்லாருக்கும் வருவதுதான் என்று ஆறுதலும் கிடைக்கும். எனக்கும் அந்தப் பெயரிலேயே பல வருடம் வைத்தியம் நடந்தது.

அதே வருடங்களில் அத்தைக்கு, அதாவது என் வீட்டுக்காரரின் அம்மாவுக்கு, வலது கன்னத்தில் வலி. அதற்கு வைத்த பெயர் பல்வலி. அல்சூரில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் இரண்டு பேருடைய மாத்திரையும் கலந்து கிடக்கும். கடைசியில் எனக்கு இருந்தது சைனஸும் இல்லை, அவருக்கு இருந்தது பல்வலியும் இல்லை. வலி எப்படி வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, வந்தால் நாங்கள் என்ன செய்கிறோம் என்று ஒருவர் பொறுமையாகக் கேட்டபோதுதான் இரண்டும் பிடிபட்டன. ஸ்கேனை வைத்து இல்லை.

எனக்கு வலி இடது புருவத்துக்கு மேலே ஆரம்பிக்கும். மூக்கு அடைத்துக்கொள்ளும், அந்தப் பக்கக் கண்ணில் தண்ணீர் வரும். இவ்வளவும் இருந்தால் சைனஸ் என்று யார்தான் சொல்லமாட்டார்கள்? காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் சிடி எடுக்கச் சொன்னார். மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றார். தலைவலியே இல்லாத எத்தனையோ பேருக்கு மூக்குத் தண்டு வளைந்துதான் இருக்கும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. நான் கார்மென்ட்ஸ் ஆபீஸ் ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். அவர் சொன்ன தேதி மார்ச் கடைசியில் வந்தது. மார்ச்சில் கணக்குப் பிரிவில் லீவு கேட்க முடியாது. ஆபரேஷன் தள்ளிப்போனது, என் மூக்கு தப்பித்தது.

கூட வேலை செய்யும் தோழி என்னை ஒரு நரம்பியல் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். சிடி கவரைத் தொடவே இல்லை. "வலி வந்தா என்ன பண்ணுவீங்க?" என்றார். லைட்டை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவேன் என்றேன். படி ஏறினால்? மண்டைக்குள் தம் தம் என்று இடிக்கும். சமையல் வாசனை? தாளிக்கிற வாசனை வந்தாலே குமட்டும். வலி வருவதற்கு முந்தைய நாள் உடம்பில் ஏதாவது தெரியுமா? கொட்டாவி கொட்டாவியாக வரும், கழுத்து பிடித்துக்கொள்ளும் என்றேன். அந்தக் கழுத்துப் பிடிப்புக்கென்று தனியாக ஒரு எலும்பு மருத்துவரையும் பார்த்திருந்தேன் என்பது கிளைக்கதை.

"இது மைக்ரேன்," என்றார். அவர் எடுத்துக்காட்டிய கணக்கு சுலபமானது. மருந்து போடாமல் விட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நிற்கும் வலி. ஒரு பக்கமாக வருவது, துடிப்பது, வேலையைக் கெடுக்கும் அளவுக்கு இருப்பது, நடந்தால் படி ஏறினால் கூடுவது, இந்த நான்கில் இரண்டாவது இருக்க வேண்டும். கூடவே குமட்டலோ வாந்தியோ, இல்லாவிட்டால் வெளிச்சமும் சத்தமும் இரண்டுமே தாங்காத நிலையோ இருக்க வேண்டும். இப்படிக் குறைந்தது ஐந்து முறையாவது வந்திருந்தால், வேறு காரணம் எதுவும் தெரியாவிட்டால், மைக்ரேன் என்று முடிவு செய்யலாம். மூக்கடைப்பு? முகத்துக்கும் நெற்றிக்கும் உணர்ச்சி கொண்டுபோகும் ட்ரைஜெமினல் நரம்பு கிளர்ந்தால், அனிச்சையாக மூக்கின் உள்சவ்வு வீங்கும், கண்ணில் நீர் வரும் என்றார். நிஜமான சைனஸ் தொற்று என்றால் கெட்டியான மஞ்சள் பச்சைச் சளி, காய்ச்சல், வாசனை தெரியாமல் போவது என்று வேறு அடையாளங்கள் இருக்கும்.

அமெரிக்காவில் "எனக்குச் சைனஸ் தலைவலி" என்று சொல்லிக்கொண்டு வந்த, தொற்று அறிகுறி எதுவும் இல்லாத சுமார் 3,000 பேரைப் பரிசோதித்திருக்கிறார்கள். 2004-இல் வெளியான அந்த ஆய்வில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலிதான். நம் ஊர்க் கணக்கும் உண்டு. மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸின் மருத்துவர்கள் பெங்களூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் வீடு வீடாகப் போய்க் கேட்டதில், ஒரு வருடத்துக்குள் மைக்ரேன் வந்தவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர். மொத்தத்தில் தலைவலி நகரத்தைவிடக் கிராமத்தில்தான் அதிகமாக இருந்தது. ஆபீஸ் ஏசி மேல் பழி போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பெயர் தெரிந்ததும் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது, மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுகிறீர்கள் என்று. சரியாகச் சொல்ல முடியவில்லை. காலண்டரில் குறித்துக்கொண்டு வரச் சொன்னார். நகைக்கடையில் கொடுத்த மாதக் காலண்டர் சமையலறையில் தொங்கிக்கொண்டிருந்தது. வலி வந்த நாளுக்குச் சிவப்புப் புள்ளி, மாத்திரை போட்ட நாளுக்குக் குறுக்குக் கோடு. மாத முடிவில் பார்த்தால் புள்ளியைவிடக் கோடு அதிகம். வலி இல்லாத நாளிலும், மீட்டிங் இருக்கிறதே, நடுவில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒன்று போட்டிருக்கிறேன்.

அடிக்கடி வலிமாத்திரை போடுவதாலேயே தலைவலி வரும் என்று அன்றுதான் கேள்விப்பட்டேன். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் மாதிரியான தனி மாத்திரை என்றால் மாதம் 15 நாளோ அதற்கு மேலோ. காஃபீனும் இன்னும் இரண்டு மருந்தும் சேர்த்த கலவை மாத்திரை, மைக்ரேனுக்கென்றே உள்ள ட்ரிப்டான், எர்காட், அபின் வகை வலிமருந்தான ஓபியாய்டு என்றால் 10 நாளிலேயே. இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போனால், ஏற்கெனவே தலைவலிக்காரராக இருப்பவருக்கு அது ஏறக்குறைய தினசரி வலியாக மாறிவிடும். எண்ண வேண்டியது நாட்களை, மாத்திரைகளை இல்லை. பெட்டிக்கடையில் தனியாக வெட்டிக் கொடுக்கிறார்களே, அந்த மாத்திரையும் இந்தக் கணக்கில் சேரும்.

நிறுத்துவது சுகமான காரியம் இல்லை. எனக்குச் சாதாரண வலிமாத்திரைகள்தான் என்பதால் ஒரேயடியாக நிறுத்தச் சொன்னார். ஓபியாய்டு வகையோ தூக்க மாத்திரையோ கலந்திருந்தால் மருத்துவர் பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நிறுத்தின முதல் பத்து நாள் வலி கூடும் என்று முன்னாலேயே எச்சரித்திருந்தார். கூடியது. அந்த நாட்களுக்கு வாந்தி நிற்க ஒரு மாத்திரை, நிறையத் தண்ணீர், ஆபீஸுக்கு லீவு. பொங்கலுக்கு ஊருக்குப் போகும் வாரத்தில் இதை ஆரம்பிக்காதீர்கள்.

கூடவே தடுப்பு மருந்தாக அமிட்ரிப்டிலின், இரவில் 10 மில்லிகிராம். வீட்டில் ஒரு சின்னக் கலவரமே நடந்தது. நாத்தனார் போனில் தேடிப் பார்த்துவிட்டு "அண்ணி, இது மனசு சரியில்லாதவங்களுக்குக் கொடுக்கற மாத்திரை" என்றாள். அந்த மருந்து மன அழுத்தத்துக்கும் பயன்படும் என்பது உண்மைதான். தலைவலியைத் தடுக்க அதைக் குறைந்த அளவில், வேறு நோக்கத்தில் கொடுக்கிறார்கள். வாய் வறளும், காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கும், எடை கூடலாம். எனக்கு மூன்றுமே நடந்தது, எடை மட்டும் இன்னும் இறங்கவில்லை. தோழிக்குத் தடுப்பு மருந்தாக ப்ரோப்ரனலால் கொடுத்தார்கள். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது ஆகாது. தடுப்பு மருந்து வால்ப்ரோயேட், டோப்பிராமேட் என்றால், பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்கள் அதை மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும், வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். எதைக் கொடுத்தாலும் ஒரு வாரத்தில் முடிவு கட்டக் கூடாது. இரண்டு மூன்று மாதம் ஆன பிறகு, வலி நாட்கள் பாதியாகக் குறைந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். வலியே வராது என்று அவர் எனக்கு ஒருபோதும் சொல்லவில்லை. வரும்போது போட ட்ரிப்டான் இருக்கிறது, ஆரம்பத்திலேயே போட வேண்டும். இதய நோய் உள்ளவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள்.

தலைக்குக் குளித்தால் தலைவலி என்று நம் வீட்டுப் பெண்கள் சொன்னால் சோம்பேறித்தனம் என்பார்கள். மும்பையில் தலைவலி கிளினிக் நடத்தும் மருத்துவர் கே. ரவிசங்கர் 2006-இல் இதை மருத்துவ இதழிலேயே எழுதியிருக்கிறார். தலைக்குக் குளித்ததும் மைக்ரேன் வரும் 94 இந்திய நோயாளிகளைப் பற்றிய கட்டுரை அது. எனக்கும் அது உண்டு. வெள்ளிக்கிழமை காலை தலைக்குக் குளித்து, ஈரத்தோடு முடிந்துகொண்டு, விரதம் என்று சாப்பிடாமல் வெயிலில் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தால் மதியத்துக்குள் நிச்சயம் வலி. இதில் ஏதாவது ஒன்று மட்டும் என்றால் பெரும்பாலும் தப்பித்துவிடுவேன், சேர்ந்து வந்தால்தான் கஷ்டம். இப்போது தலைக்குக் குளிப்பது ஞாயிற்றுக்கிழமை, இட்லி சாப்பிட்ட பிறகு. காப்பியும் வேளை தவறாமல், அளவு மாறாமல். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கினால் வரும் தலைவலியில் பாதி, ஃபில்டர் காப்பி தாமதமான தலைவலி.

அத்தை கதைக்கு வருகிறேன். அவருக்கு எழுபதை நெருங்கும் வயது, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். எதற்கும் முனகாதவர். வலி வந்த பிறகு அவர் முகம் கழுவும் முறையே மாறியது. ஈரத்துணியை இடது பக்கம் மட்டும் ஒற்றிக்கொள்வார். மஞ்சள் இடது கன்னத்தில் மட்டும் இருக்கும். வலது மூக்கில் போட்டிருந்த மூக்குத்தியைக் கழற்றி வைத்துவிட்டார். ரசம் சோற்றைக் குழைத்து இடது பக்கமாகவே விழுங்குவார். ஆட்டோவில் போனால் காற்று படாமல் முந்தானையால் வலது பக்கத்தை மூடிக்கொள்வார், துணி கன்னத்தில் உரசாமல் கையால் கொஞ்சம் விலக்கிப் பிடித்தபடி. நாங்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். முதலில் காட்டிய பல் மருத்துவர் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார், வலி போகவில்லை. பக்கத்துப் பல்லுக்கு ரூட் கெனால் செய்தார், அப்போதும் போகவில்லை. அந்த இரண்டு பல்லையும் பற்றி அத்தை இன்றைக்கும் கணக்குக் கேட்பார்.

எந்த மருத்துவரிடம் போனாலும் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு "அம்மாவுக்குப் பல்வலி" என்று ஆரம்பித்துவிடுவார். அடுத்ததாகப் போன பல் கிளினிக்கில் இருந்தது ஒரு இளம் பெண் மருத்துவர். வண்டி நிறுத்த இடம் தேடி என் வீட்டுக்காரர் தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்ததால் அத்தையே பேச வேண்டியதாயிற்று. "சுருக்குனு கரண்ட் அடிக்குதும்மா. ரெண்டு செகண்டு. அப்புறம் ஒண்ணுமில்ல. திரும்பவும் அடிக்கும்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே பேச்சு பாதியில் நின்றது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். வலது கை மேலே வந்தது, கன்னத்துக்கு ஒரு அங்குலம் முன்னால் அப்படியே நின்றுவிட்டது.

"பாட்டி, கன்னத்தை ஏன் தொடலை?"

"தொட்டா மறுபடி அடிக்கும்மா."

பல்வலிக்காரர்கள் கன்னத்தை அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள், இவர் தொடவே பயப்படுகிறார் என்று அந்தப் பெண் என்னிடம் சொன்னார். ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார், எதுவும் வலிக்கவில்லை. ராத்திரி தூக்கத்தில் எழுப்புகிறதா என்று கேட்டார். தூங்கிவிட்டால் தொந்தரவு இல்லை என்றார் அத்தை. சொத்தைப் பல் வலி பெரும்பாலும் சூட்டுக்கும் குளிருக்கும் கிளம்பி அப்படியே நின்று, ராத்திரியில் தூக்கத்தையும் கெடுக்கும். இது பல் இல்லை, இனிமேல் எந்தப் பல்லையும் பிடுங்க விடாதீர்கள் என்று சொல்லி, நரம்பியலுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஃபீஸ் வாங்க மறுத்துவிட்டார்.

ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்பது அதன் பெயர். எனக்குக் கிளர்ந்த அதே நரம்புதான், நோய் வேறு. ஐம்பது வயதுக்கு மேல் அதிகம், பெண்களுக்கு அதிகம், வலது பக்கம் அதிகம். ஒவ்வொரு அடியும் ஒரு நொடிக்கும் குறைவிலிருந்து இரண்டு நிமிடம் வரை. பல் தேய்ப்பது, மெல்லுவது, காற்று, ஒரு பருக்கை உதட்டில் படுவது கூடப் போதும். சாதாரண வலிமாத்திரை இதற்குக் கேட்காது. முதல் மருந்து கார்பமசெபைன், வலிப்புக்குக் கொடுப்பது. சில நாளிலேயே வலி இறங்கியது.

ஆனால் அது கவனமாகப் போட வேண்டிய மருந்து. ஆசிய வம்சாவளியினரில் சிலருக்கு எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை இருக்கும். அவர்களுக்கு இந்த மருந்து தோலை உரித்தெடுக்கும் கடுமையான ஒவ்வாமையைத் தரக்கூடும். ஆரம்பிக்கும் முன் அந்தப் பரிசோதனை செய்யலாமா என்று நாமே கேட்கலாம். முதல் சில வாரங்களில் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வந்தால், அடுத்த வேளை மாத்திரை போடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்த அணுக்கள், ஈரல், சோடியம் மூன்றையும் அவ்வப்போது பார்க்கச் சொன்னார்கள். அத்தைக்குச் சோடியம் கொஞ்சம் இறங்கி, டோஸைக் குறைத்தார்கள். ஆரம்பத்தில் தள்ளாட்டம் இருந்ததால் பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டோம். அவர் பிரஷருக்குப் போடும் அம்லோடிபின் வேகத்தையும் இந்த மருந்து குறைத்துவிடும், அதனால் பிரஷரையும் அடிக்கடி பார்க்கிறோம். ஏற்கெனவே என்னென்ன மாத்திரை போடுகிறார் என்று முழுசாகச் சொன்னதால்தான் அதை எச்சரித்தார்கள். தோலில் எதுவும் வராதபோது, வலி போய்விட்டதே என்று நாமாக நிறுத்தவும் கூடாது.

எம்ஆர்ஐ இதற்கு அப்புறம் எடுத்தது. கட்டியோ, நரம்பின் உறையை அரிக்கும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோயோ இல்லை என்று உறுதி செய்யவும், நரம்பை ரத்தக்குழாய் அழுத்துகிறதா என்று பார்க்கவும். இதற்கென்று மெல்லிய அடுக்குகளாக எடுக்கும் முறை இருக்கிறது. சீட்டில் அதைக் குறிப்பிட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு முறை எடுக்க நேரும். அத்தைக்கு ஒரு தமனி நரம்பை உரசிக்கொண்டிருந்தது. வலியே இல்லாதவர்களுக்கும் அப்படி இருப்பதுண்டாம், அதனால் ஸ்கேனை மட்டும் வைத்து இந்த நோய் என்று சொல்லிவிட முடியாது.

முகவலி என்றால் எல்லாம் இந்த இரண்டுதான் என்றும் நினைக்க வேண்டாம். ஆபீஸ் பையன் ஒருவனுக்குக் காலையில் எழுந்ததும் நெற்றிப்பொட்டில் வலி, வாய் திறந்தால் காதோரம் கடக் என்று சத்தம். தூக்கத்தில் பல்லைக் கடித்துத் தாடை மூட்டையும் தசையையும் களைப்பாக்கிக்கொண்டிருந்தான். ராத்திரி போடும் பல் உறையும் தாடைப் பயிற்சியும் போதுமாக இருந்தது.

சிலதற்கு மட்டும் காலண்டரும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் வலி. காய்ச்சலோடு கழுத்து விறைப்பு. கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், நினைவு தடுமாறல். தலையில் அடிபட்ட பிறகு கூடிக்கொண்டே போகும் வலி. ஐம்பதுக்கு மேல் புதிதாக வரும் தலைவலியோடு நெற்றிப்பொட்டு தொட்டால் வலித்து, மெல்லும்போது தாடை களைத்தால், அது தமனி அழற்சியாக இருக்கலாம். இஎஸ்ஆர், சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனைகளை அன்றைக்கே பார்க்க வேண்டும், தாமதித்தால் பார்வையே போகலாம். பிள்ளை பெற்ற சில வாரங்களில் வரும் கடும் தலைவலியும் அப்படித்தான், மூளையின் சிரைகளில் ரத்தம் உறைந்திருக்கலாம். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்கிற பழக்கம் அந்த ஆபத்தைக் கூட்டும்.

மற்றபடி மருத்துவரிடம் போகும்போது ஒரே ஒரு தாள் கொண்டு போங்கள். வலி எத்தனை நொடி, எத்தனை மணி. எது கிளப்புகிறது. வந்தால் படுக்கிறீர்களா, நடக்கிறீர்களா, கன்னத்தைப் பிடிக்கிறீர்களா. மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை, எந்த மாத்திரை. கூட இருக்கும் வேறு நோய்கள். "ரொம்ப வலிக்குது டாக்டர்" என்பதை எல்லாரும்தான் சொல்கிறார்கள், அதை வைத்து அவரால் ஒன்றும் பிரிக்க முடியாது. கூடப் போகிறவர்கள் முதல் ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். என் வீட்டுக்காரர் இப்போது வண்டியை நிறுத்திவிட்டு வெளியிலேயே இருக்கிறார்.

அத்தைக்கு ஆபரேஷன் பேச்சும் வந்தது. காதுக்குப் பின்னால் சின்னதாகத் திறந்து, நரம்புக்கும் தமனிக்கும் நடுவில் டெஃப்லான் பஞ்சு வைப்பது ஒன்று. அமெரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், பத்து வருடம் கழித்தும் பத்துக்கு ஏழு பேர் நன்றாக இருந்திருக்கிறார்கள். வயது, இதயம் தாங்காதவர்களுக்குக் காமா நைஃப் கதிர்வீச்சு, ஊசி வழியாக நரம்பைச் சூடாக்குவது, பலூன் வைத்து அழுத்துவது என்று வேறு வழிகள் இருக்கின்றன. இவற்றில் கன்னம் மரத்துப்போவதும், சில வருடத்தில் வலி திரும்புவதும் உண்டு. மருந்து தாங்குகிற வரை அவசரம் இல்லை, டோஸ் ஏற ஏறத் தள்ளாட்டம் கூடினாலோ சோடியம் நிற்காமல் இறங்கினாலோ யோசிப்போம் என்றார் மருத்துவர். "மண்டையைத் தொறக்கறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். அந்த ரெண்டு பல்லுக்கு முதல்ல ஏதாவது வழி சொல்லுங்க, முறுக்கு கடிக்க முடியல" என்றார் அத்தை. பல் கட்டுவதற்கு, கன்னத்தைத் தொட்டால் வலிக்காத டோஸில் இருக்கும்போது, அதே இளம் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம்.